கோடை வெப்பமும் இடிமழையும்

மார்ச்சு முதல் மே வரை, ஜார்க்கண்டில் பரந்துள்ள சோட்டா நாகபுரிப் பீடபூமி கடும் வெயிலால் காய்கிறது. சமவெளிகளில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருப்பின், அதனை வெப்ப அலை என இந்திய வானிலைத் துறை கொள்கிறது.

இவ்வெப்பமே இடிமழைக்கும் வித்தாகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின் மேலே, மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. தரை சூடேறிய பிற்பகலில் ஈரக்காற்று மேலெழுந்து பெருமுகில்களாகத் திரள்கிறது. வடமேற்கிலிருந்து விரைந்துவரும் இவ்விடிப்புயலை வங்காள மக்கள் 'கால்பைசாகி' என்பர். வைசாக மாதத்துக் கேடு என்பது அதன் பொருள். எனினும் இம்மழை அஸ்ஸாமின் தேயிலைக்கும் வங்காளத்தின் சணலுக்கும் பயன் தருவதாகும்.

பருவ முன்னறிவிப்பு வெப்பத்தின் போக்கினை உரைக்கும். எந்த வயலில் இடி விழும் என்பதை உரைக்க இயலாது. ராடாரின் துணையுடன் தரப்படும் உடனடி அறிவிப்பும் அடுத்த மூன்று மணி நேரத்திற்கே உரியது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் மின்னல் தாக்கி மாள்கின்றனர். அவர்களுள் பலர் வயலில் உழைப்போர். ஆதலின் இடியோசை கேட்டவுடன் மரத்தடியை நாடாது, கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின்னரும் அரைமணி நேரம் உள்ளேயே இருத்தல் நலம்.