சிரித்துக்கொண்டே நடந்தார்கள் பழனிக்கு!

"இன்னும் எவ்வளவு தூரம், சாமி?"

"இதோ வந்துவிட்டது. அடுத்த வளைவுதான்!"

பழனிக்குப் பாத யாத்திரை போனவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். அந்த "அடுத்த வளைவு" மட்டும் வரவே வராது. ஒரு வளைவு போகும். இன்னொரு வளைவு வரும். சொல்கிறவருக்கும் அது பொய் என்று தெரியும். கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் சிரிப்பார்கள். சிரித்தபடியே அரை மைல் நடந்துவிடுவார்கள்.

2022-ம் ஆண்டு தை மாதத்தில் அந்தச் சிரிப்பு மிகவும் தேவைப்பட்டது.

பொங்கல் முதல் பூசம் வரை

அப்போது கொரோனா மூன்றாம் அலை வீசிக்கொண்டிருந்தது. "ஒமிக்ரான்" என்ற பெயர் எல்லோர் வாயிலும் அடிபட்டது. பண்டிகைக் கூட்டத்தில் நோய் பரவிவிடும் என்று அரசு அஞ்சியது. ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களுக்குப் பொதுமக்கள் போகக் கூடாது என்று தமிழ்நாடு முழுவதும் தடை போட்டது.

14-ந் தேதி பொங்கல். 18-ந் தேதி தைப்பூசம். நடுவில் 16-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. ஆக, பண்டிகை தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரை பழனிக் கோவிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை!

மாலை போட்டவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் அவசர அவசரமாக நடந்து, 13-ந் தேதிக்குள் மலை ஏறி இறங்கிவிட்டார்கள். "வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். மேலே விடாவிட்டால் கீழே நின்று கும்பிடுவோம்" என்று நடந்து வந்தவர்களும் உண்டு.

அது சாதாரணத் தை மாதமும் அல்ல. முந்தின ஆண்டு கோடையில் இரண்டாம் அலை எத்தனையோ வீடுகளில் ஆளைக் கொண்டுபோயிருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. அடுப்பில் பால் பொங்காது. வாசலில் கரும்பு நிற்காது. மலைக் கோவிலுக்கும் போக மாட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்காரர், யாத்திரை புறப்படும் நண்பனிடம் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். "என் பேரால் உண்டியலில் போட்டுவிடு" என்பார். அதற்கு மேல் பேச வராது. வாங்கிக்கொள்கிறவருக்கும் பேச வராது. முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார்.

கோபக்காரச் சாமி

திண்டுக்கல்லில் இருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மதுரையில் இருந்து வந்தால் அதைப்போல் இரண்டு பங்கு. காரைக்குடிச் சீமையில் இருந்து வருபவர்களுக்கு இன்னும் அதிகம். நகரத்தார்கள் பல தலைமுறைகளாகக் காவடியோடு நடந்து வருகிறார்கள்.

ஒட்டன்சத்திரம் தாண்டினால் இடது கைப் பக்கம் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அதன் உச்சியில்தான் கொடைக்கானல் இருக்கிறது. மலையைப் பார்த்ததும் புதிதாக வருபவர் "வந்துவிட்டோம்!" என்று துள்ளுவார். பழையவர்கள் சிரிப்பார்கள். அது பழனிக் கோவில் மலை அல்ல. கோவில் இருப்பது சமவெளியில் தனியே நிற்கும் சிறு குன்று. உயரம் 450 அடிதான்.

இரண்டாம் நாள் காலில் கொப்புளம் வரும். மூன்றாம் நாள் அது உடையும். தார்ச் சாலை வெயிலில் சுடும். விடியற்காலைப் பனியில் ஊசியாய்க் குத்தும். அப்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"நம்ம முருகன் பழத்துக்குக் கோபித்துக்கொண்டு புறப்பட்டாரே, மதுரையோடு நின்றிருக்கக் கூடாதா? இவ்வளவு தூரமா வர வேண்டும்?"

"மதுரையிலே அம்மா இருக்கிறாள், சாமி! கோபித்துக்கொண்டவன் அம்மா வீட்டுக்கா போவான்?"

இதைக் கேட்டுப் பத்துப் பேர் சிரிப்பார்கள். பின்னால் வருபவர் "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவார். ஓட முடியாத காலால்தான் ஓடி வருவார்! மதுரை மீனாட்சி முருகனுக்குத் தாய் அல்லவா? இந்த வேடிக்கையில் சாமியும் சேர்ந்துவிடுகிறார்.

மலை மூடிய அந்த ஆண்டில் வேடிக்கைக்கு இன்னும் வசதி. "அன்றைக்குப் பழம் கிடைக்கவில்லை என்று கோபித்தார். இன்றைக்கு நாம் முகக்கவசம் போடவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்!" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் தம் முகக்கவசத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

குறட்டை விடுகிறவர், ஒவ்வொரு அன்னதானப் பந்தலிலும் "இங்கேயும் தக்காளி சாதமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு முறை வாங்குகிறவர், மைல் கல்லைத் தப்பாக எண்ணுகிறவர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஆட்கள் உண்டு. எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, உங்கள் குறட்டையிலே மண்டபம் ஆடுகிறது" என்று மரியாதையாகவே கேலி செய்யலாம்.

ஒன்று மட்டும் கூடாது. நடக்க முடியாமல் பின்தங்குகிறவரைக் கேலி செய்யக் கூடாது. அப்படி யாராவது செய்தால் குருசாமி ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு நின்றுவிடும். பின்தங்கியவரின் மூட்டையை யாரோ ஒருவர் வாங்கித் தம் தோளில் போட்டுக்கொள்வார்.

வலிக்கு மருந்து

துன்பம் வந்தால் சிரி என்று வள்ளுவர் சொன்னதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். சொல்வது சுலபம். தனியாக உட்கார்ந்து எப்படிச் சிரிப்பது? பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா?

இதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட்டத்தில் இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார் என்று கண்டார் அமெரிக்காவின் ராபர்ட் புரோவைன்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படகுப் போட்டி வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் தனித்தனியாகத் துடுப்பு வலிக்கச் சொன்னார்கள். பிறகு சேர்ந்து வலிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கும்வரை இறுக்கினார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து வலித்த நாளில் அதிக வலியைத் தாங்கினார்கள்! இது 2010-ல் வெளியானது.

அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழுவினர் சிரிப்பைச் சோதித்தார்கள். நகைச்சுவைப் படம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது.

காரணம் என்ன? 2017-ல் பின்லாந்து நாட்டில் கண்டுபிடித்தார்கள். சில ஆண்களை அவரவர் நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகள் பார்க்க வைத்தார்கள். பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள். வலியைக் குறைக்கும் பொருள் ஒன்று மூளையிலேயே சுரந்திருந்தது. அபினைப் போல் வேலை செய்யும் பொருள் அது! காசு இல்லை, சீட்டு இல்லை. உடம்பே தயார் செய்து தருகிறது.

சேர்ந்து நடப்பது, சேர்ந்து சிரிப்பது, இரண்டும் பாத யாத்திரையில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டுக்குத் தெரிவதற்கு முன்பே ஒட்டன்சத்திரம் சாலையில் இது தெரிந்திருந்தது என்றால் மிகை ஆகாது.

மேலே ஒரு விளக்கு

2022 ஜனவரி 18. பூச நட்சத்திரம். பக்தர்கள் இல்லாமலே கோவில் சடங்குகள் நடந்தன. வந்தவர்கள் மலை அடிவாரத்தோடு நின்றார்கள். சூடம் ஏற்றினார்கள். அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார்கள். ஏறக்குறைய 700 படிகள் எதிரே இருந்தன. ஏற முடியவில்லை.

அழுதவர்கள் இல்லாமல் இருப்பார்களா? இத்தனை நாள் வேடிக்கை பேசி வந்தவரே அங்கே விம்முவார். அப்போது யாரும் சிரிக்க வைக்கப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பார்கள். அவ்வளவுதான்.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோவில் இருக்கிறது. இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, 1936-ல் கட்டிய கோவில் அது. மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பழனி தெரியும். நடப்பவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த குன்று, அங்கிருந்து பார்த்தால் கையில் எடுத்துவிடலாம் போல இருக்கும்.

மறுநாள், 19-ந் தேதி, தடை நீங்கியது. காத்திருந்தவர்கள் ஏறினார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார்கள். நின்றுகொண்டே தூங்கினார்கள். மேலே போட முடியாத மஞ்சள் முடிச்சு அவிழாமல் அவர்களோடு ஊருக்குத் திரும்பியது.

2023 ஜனவரி 27-ல் பழனியில் கும்பாபிஷேகம் நடந்தது. பிப்ரவரி 5-ந் தேதி தைப்பூசம். வழி திறந்திருந்தது. சாலை நிறையப் பச்சை வேட்டிகள். ஓராண்டுத் துக்கம் கழித்தவர்களும் இந்த முறை தாங்களே நடந்தார்கள். திருப்பி வாங்கிய முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் வந்தவரிடம் கேட்டார்கள்:

"இன்னும் எவ்வளவு தூரம், சாமி?"