அருவிக்கு மேலே ஒரு புல்வெளி

குற்றாலத்தில் சீசன் எப்படி என்று தென்காசிக்காரரைக் கேட்டால், ‘ஆர்ச்சைத் தாண்டி விழுது’ என்பார். இல்லையென்றால், ‘நூல் மாதிரிதான் வருது’ என்பார். பேரருவியில் வெள்ளம் பெருகி, அங்குள்ள பாதுகாப்பு வளைவான ஆர்ச்சை மறைத்தால் குளிக்கத் தடை. சாரல் ஓய்ந்தபின் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்பது மலை மேலே தீர்மானமாகிறது.

குற்றால மலைக்காடு, 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். சோலையைப் போற்றுகிறோம். புல் மூடிய மேட்டைப் பார்த்தால் மட்டும், ‘மொட்டையாக் கிடக்கே, மரம் நடலாமே’ என்கிறோம். மரம் நடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் அந்த எண்ணம் மாறியது. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு புல் குத்தை விலக்கிப் பார்த்தேன். மேலே தாள் உலர்ந்திருந்தது. அடியில் பின்னிக் கிடந்த வேர், பஞ்சு போன்ற கறுப்பு மண். விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வந்தது. பெய்ததை உடனே ஓடவிடாமல் பிடித்து, பின்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது அந்த மண்.

நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் புல்மேடுகள் தங்கள் ஊரில் மூர் எனப்படும் மரமற்ற மேட்டு நிலங்களை நினைவூட்டின. அங்கே பூக்கும் ஹெதர் செடிக்கு இங்கே உறவும் இருக்கிறது. சிவப்பாகப் பூக்கும் நம் காட்டுப்பூவரசு அதே குடும்பம். அது போதாதென்று, மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்புதரையும் கொண்டுவந்தார்கள். அது இன்று அங்கே களை. பெரிய சேதம் செய்தது சீகை மரம். தோல் பதனிட அதன் பட்டை தேவை என்று, நாடு விடுதலை பெற்ற பிறகு நாமே புல்வெளிகளில் ஏராளமாக நட்டோம். புல் இல்லாமல் வரையாடு பிழைக்காது. 1990-ல் தேசியப் பூங்காவான முக்குறுத்தி, சுமார் 78 சதுர கிலோமீட்டரில் அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம். சீகையை வெட்டினாலும் தீராது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

நெல்லைச் சரணாலயத்தின் உயர்ந்த மலைகளிலும் வரையாடு உண்டு, புல்லும் உண்டு. அங்கே மரக்கன்றோடு யாரும் ஏற வேண்டாம். மழை விட்டு நாலு நாள் கழித்தும் பேரருவியில் தெளிந்த நீர் விழும்போது, தலையை நனைப்பதற்கு முன் ஒருமுறை மேலே நிமிர்ந்து பாருங்கள்.