பிடித்த பிடி விடாத பிரேக்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே பேசுகின்றனர். ஆனால் வேகத்தை நம்பி ஒருவரும் வண்டியில் ஏறுவதில்லை. வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையினாலேயே ஏறுகிறோம். பிரேக் பிடிக்காமற்போனால் ஆபத்து என்பது குழந்தைக்கும் தெரியும். பிடித்த பிரேக் விடாமற்போனாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலை எடுத்த பின்னும் சக்கரத்தைப் பற்றிக்கொண்டே இருக்கும் அத்தகைய பிரேக்கைப் பற்றியும், அதனைச் சீர்செய்ய நம்பத்தகுந்த மெக்கானிக்கைக் கண்டுகொள்ளும் வழியைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் பிரேக் வேலை செய்யும் முறையை அறிந்துகொள்வோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அவ்வழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட இவ்வுண்மையே இன்றைய காரின் பிரேக்குக்கு அடிப்படை. 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் என்னும் அமெரிக்கக் கார், நான்கு சக்கரங்களிலும் இம்முறையைக் கொண்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரேக் மிதியை 20 கிலோ எடையளவு விசையுடன் மிதிக்கிறோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கினால் 100 கிலோ ஆகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் எனில், பிரேக் ஆயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் உண்டாகும். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் எனில், அது 500 கிலோ விசையுடன் பிரேக் பேடைச் சுழலும் தகட்டின் மீது அழுத்தும். கால் கொடுத்த 20, சக்கரத்தில் 500 ஆகிறது.

காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்க வேண்டும் அல்லவா? தகட்டு பிரேக்கில் அதனைப் பின்னுக்கு இழுக்கத் தனியே சுருள்வில் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், பிஸ்டன் முன்செல்லும்போது சற்றே வளைந்து, அழுத்தம் நீங்கியதும் நிமிர்கிறது. அந்த நிமிர்ச்சியே பிஸ்டனை மயிரிழையளவு பின்னே இழுத்து விடுகிறது. இவ்வளவு மெல்லிய ஏற்பாட்டைக் கெடுக்கச் சிறிது துருவே போதும்.

துருவுக்குப் பஞ்சமில்லாத ஓரிடம் கனகசெட்டிக்குளம். புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, காலாப்பட்டுப் பகுதியில் மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் வந்து, அதன் வடகோடியில் இவ்வூரை அடைகிறோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து எல்லைக்கோடுகள், 1954-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறிய பின்னும் இவ்வாறே நிலைத்திருக்கின்றன. கிழக்கே வங்கக் கடல். இன்னும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். கடற்காற்று கொணரும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பின் மேல் தங்க வைக்கிறது. உப்புக் கரைந்த நீரோ மின்னோட்டத்தை எளிதில் கடத்தித் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. இத்தகைய ஊரில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பல வாரங்கள் காரை நிறுத்திவைத்தால், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்; கம்பிவடமும் உறைக்குள் துருவேறி நகர மறுக்கும். சமதரையில் நெடுநாள் நிறுத்துவோர், வண்டியைக் கியரில் விட்டுச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடுதல் நலம்.

வேறு காரணங்களும் உண்டு. பிஸ்டனை மூடிய ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகலாம். காலிப்பர் நகர்வதற்கான ஊசிகள் கிரீஸ் வற்றி இறுகலாம். பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாய் உட்புறம் வீங்கி, போகும் ஆயிலை விட்டு, திரும்பும் ஆயிலைத் தடுக்கலாம். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் நுண்துளை அடைபடலாம்.

இவற்றால் வரும் ஆபத்து யாது? ஓடும் காரின் இயக்க ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,000 கிலோ எடையுள்ள காரை ஒருமுறை நிறுத்தினால் தோன்றும் வெப்பம், அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. விடாத பிரேக்கிலோ வெப்பம் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கிறது. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அவ்வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியது. ஆகவே மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. பிடியை விடாத பிரேக்கே கடைசியில் பிடிக்காத பிரேக்காக முடிகிறது. ஆயிலைப் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

அறிகுறிகளை நினைவிற் கொள்ளுங்கள். வண்டி ஒருபக்கமாக இழுக்கும். கருகிய வாடை வரும். ஒரு சக்கரம் மட்டும் அளவுக்கு மீறிச் சுடும். அப்போது ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சுட்ட தகட்டின் மீது தண்ணீர் ஊற்றலாகாது. தகடு கோணக்கூடும், வெடிக்கவும் கூடும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைதலும் ஆகாது. மேற்கொண்டு ஓட்டாமல், வண்டியை ஏற்றிச் செல்லவோ மெக்கானிக்கை அழைத்து வரவோ ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

இனி நம்பிக்கையைப் பற்றிய பேச்சு. ஒரு சமயம் நண்பர் ஒருவருடன் கனகசெட்டிக்குளம் வழியே சென்றபோது அவருடைய காரின் முன்சக்கரம் இவ்வாறு பிடித்துக்கொண்டது. முதலில் பார்த்தவர் காலிப்பரைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, "சரியாகிவிட்டது" என்று கூறிப் பணம் பெற்றுக்கொண்டார். இரண்டு நாளில் வாடை திரும்பியது. அடுத்துப் பார்த்த மெக்கானிக், "ஐயா, பிரேக்கைத் தளர்த்துவது சுலபம். ஏன் பிடித்தது என்று தெரியாமல் அனுப்பினால் நாளைக்கு மறுபடியும் பிடிக்கும்" என்றார். வண்டியைத் தூக்கி முட்டுக்கொடுத்து, பிரேக்கைச் சில முறை மிதிக்கச் செய்தார், சக்கரம் இறுகியது. இரும்புக் குழாயும் ரப்பர்க் குழாயும் சேரும் இணைப்பை முதலில் தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. ஆதலால் பழுது மாஸ்டர் சிலிண்டரில் இல்லை. பின்னர்க் காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்தார்; ஆயில் பீறிட்டது, சக்கரம் சுழன்றது. ஆதலால் பிஸ்டனிலும் துரு இல்லை. எஞ்சியது ரப்பர்க் குழாய். அதைக் கழற்றிக் குறுக்கே அறுத்து, வீங்கிய உட்புறத்தை எங்களுக்குக் காட்டினார். முன்பக்கம் இரண்டிலும் புதுக் குழாய் மாட்டி, காற்றை வெளியேற்றி, நண்பரை அருகில் அமர்த்தி ஓட்டிப் பார்த்த பிறகே கூலி கேட்டார்.

நம்பத்தகுந்தவரின் அடையாளங்கள் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியுள்ளன. அவர் கேள்வி கேட்கிறார்; சோதித்த பின்னரே முடிவு சொல்கிறார்; கழற்றிய பழைய உறுப்பைக் காட்டுகிறார். இவற்றோடு, புதிய உறுப்பை உறை பிரியாமல் கொண்டுவந்து ரசீது தருவதையும், தம்மால் இயலாததை இயலாது என்று சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். அத்தகையவரை எங்கே தேடுவது? நாள்தோறும் வண்டியோட்டிப் பிழைக்கும் வாடகைக்கார் ஓட்டுநரைக் கேளுங்கள். வண்டி நின்றால் அவருக்கு வருமானமும் நின்றுவிடும், ஆகையால் நல்ல கைகளை அவர் அறிவார். ஆயில் மாற்றுவது போன்ற சிறு வேலையை முதலில் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. ஐ.டி.ஐ. சான்றிதழ் கல்வியைக் காட்டும். நாணயத்தைப் பழகித்தான் அறிய வேண்டும். சட்டத்தின் துணையும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூலி பெற்றுச் செய்த வேலையில் குறைபாடு இருப்பின் முறையிடலாம். அதற்கு ரசீது முக்கியமான சான்று. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, வகுப்பில் பாஸ்கல் விதியைப் படித்தவர், மெக்கானிக் நிப்பிளைத் திறக்கும்போது அவர் எதைத் தேடுகிறார் என்பதைப் புரிந்துகொள்வார். புரிந்துகொண்டவரிடம் பொய்க் காரணம் கூறுவது கடினம். நேர்மையான தொழிலாளிக்கும் அத்தகைய வாடிக்கையாளரே வேண்டும். தமது உழைப்பின் மதிப்பை அவர்தாம் அறிவார். இரு பக்கமும் அறிவு இருக்குமானால், கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு செல்பவர் அச்சமின்றி மிதியில் கால் வைக்கலாம்.