பண்பாட்டு விழிப்புணர்வுக் கற்றல் மதிப்பீடு

பண்பாட்டு விழிப்புணர்வுக் கற்றல் மதிப்பீடு என்பது, ஒரு பாடத்தைப் படித்து முடித்த மாணவர் பிற பண்பாடுகளையும் தம் சொந்தப் பண்பாட்டையும் எந்த அளவுக்கு உணர்ந்துள்ளார் என்பதை அறியப் பயன்படும் முறைகளைக் குறிக்கும். இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், மொழி போன்ற மனிதப் பண்பியல் பாடங்கள் தொடர்பாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் இம்மதிப்பீடு செய்யப்படும் விதத்தை விளக்குகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் பொறியியல், வணிகம் என எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்த மாணவரும் பொதுக்கல்விப் பாடங்கள் சிலவற்றைப் படித்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றாவது பிற பண்பாடுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும் எனப் பல கல்லூரிகள் விதித்துள்ளன. மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதற்குச் சான்று காட்டுமாறு கல்லூரிகளுக்குத் தர ஏற்பு வழங்கும் அமைப்புகள் கேட்கின்றன. அன்றைய கல்விச் செயலர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் நியமித்த ஆணையம் 2006இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இக்கோரிக்கை மேலும் வலுப்பெற்றது. சான்று காட்ட இயலாத பாடம் பொதுக்கல்விப் பட்டியலில் தன் இடத்தை இழக்கக்கூடும். ஆகவே இதை வெறும் கல்வியியல் ஆர்வம் எனக் கருத இயலாது.

எதை அளப்பது?

ஒரு பண்பாட்டைப் பற்றிய தகவல்களை அறிந்திருப்பது வேறு; தம் பார்வையும் ஒரு பண்பாட்டிலிருந்தே வருகிறது என உணர்வது வேறு. முன்னதைச் சாதாரண வினாத்தாளால் அளக்கலாம். பின்னதை அவ்வாறு அளக்க இயலாது.

இவ்வேறுபாட்டைக் காட்ட லாரா போஹனன் 1966இல் எழுதிய 'ஷேக்ஸ்பியர் இன் த புஷ்' என்ற கட்டுரை நன்கு உதவும். மானிடவியலாளரான இவர் மேற்கு ஆப்பிரிக்காவில் திவ் மக்களிடையே தங்கியிருந்தபோது, முதியோர் சிலருக்கு ஹாம்லெட் கதையைச் சொன்னார். கணவன் இறந்தவுடன் அரசி கணவனின் தம்பியை மணந்தது முறையான செயலே என்றனர் முதியோர். இறந்தவர் நடமாட இயலாது, ஆகவே அந்த ஆவி சூனியக்காரர் அனுப்பிய தீக்குறியாகவே இருக்கும் எனவும் விளக்கினர். பெருங்கதைகளின் பொருள் எங்கும் ஒன்றே என நம்பி கதையைத் தொடங்கிய போஹனனுக்கு, இறுதியில் முதியோரே கதையின் 'சரியான' பொருளைக் கற்பிக்க முன்வந்தனர்.

இதைப் படிக்கும் மாணவரிடம் திவ் மக்களின் திருமண வழக்கம் யாது எனக் கேட்டால் அது தகவல் வினா. அரசியின் மறுமணத்தை ஐரோப்பிய வாசகர் ஏன் தவறெனக் கருதுகின்றனர், அக்கருத்து எங்கிருந்து வருகிறது எனக் கேட்டால் அது விழிப்புணர்வு வினா. "திவ் மக்கள் கதையைப் புரிந்துகொள்ளவில்லை" என எழுதும் மாணவரும், "இரு தரப்பினரும் தத்தம் உறவுமுறை விதிகளைக் கொண்டே கதையைப் படித்தனர்" என எழுதும் மாணவரும் ஒரே தகவலை அறிந்தவர்களே. மதிப்பீடு பிடிக்க வேண்டியது இவ்விருவருக்கும் இடையிலான தொலைவைத்தான்.

தன்மதிப்பீட்டு வினாக்கொத்து

செலவும் நேரமும் குறைவு என்பதால் வினாக்கொத்தே பரவலாகப் பயன்படுகிறது. "பிற பண்பாட்டினரின் நோக்கை என்னால் உணர முடியும்" போன்ற கூற்றுகளுக்கு மாணவர் 1 முதல் 5 வரை எண் இடுவர். பாடத் தொடக்கத்திலும் முடிவிலும் பெற்ற எண்களின் வேறுபாடு 'கற்றல்' எனக் கொள்ளப்படும்.

இம்முறையின் குறை அடிப்படையானது. தொடக்கத்தில் தமக்கு 4 கொடுத்த மாணவர், பாடத்தின் வழியாகத் தாம் அறியாதவை எவ்வளவு என உணர்ந்தபின் முடிவில் 3 கொடுக்கலாம். உண்மையில் அவர் கற்றுள்ளார். கணக்கோ அவர் பின்தங்கியதாகக் காட்டும். அளவுகோலே இடையில் மாறிவிடுவதால் நேரும் இப்பிழையை உளவியலாளர் ஜார்ஜ் ஹோவர்ட் 1970களின் இறுதியில் ஆராய்ந்தார். இதற்கு மாற்றாக, பாட முடிவில் மட்டும் "இப்போது எப்படி, அப்போது எப்படி" என இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் உள்ளது. ஆனால் தாம் வளர்ந்ததாகக் காட்டிக்கொள்ள விரும்பும் மாணவர் 'அப்போது' என்பதற்கு வேண்டுமென்றே குறைந்த எண்ணை இட இது இடமளிக்கிறது.

மில்டன் பென்னட் 1986இல் வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலை மாதிரி இத்துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. வேறுபாட்டை மறுத்தல், அதற்கெதிராகத் தற்காத்தல், அதனைச் சிறிதாக்கல், ஏற்றல், அதற்கேற்ப மாறுதல், ஒருங்கிணைதல் என்பன அதன் ஆறு படிகள். "எல்லோரும் அடிப்படையில் ஒன்றே" என்ற எண்ணம் இங்கு உயர்ந்த படியாக அன்றி மூன்றாம் படியாகவே வைக்கப்பட்டிருப்பது பலருக்கும் வியப்பளிக்கும். அவ்வெண்ணத்தில் 'எல்லோரும்' என்பது பெரும்பாலும் 'என்னைப் போல' என்பதாகவே முடிகிறது என்பது பென்னட்டின் வாதம்.

இம்மாதிரியை அடிப்படையாகக் கொண்டு மிச்செல் ஹாமர், பென்னட்டுடன் இணைந்து உருவாக்கிய ஐ.டி.ஐ. என்ற வினாக்கொத்து, ஒருவர் தம்மை எங்கு கருதுகிறார் என்பதையும், விடைகளின்படி அவர் எங்கு உள்ளார் என்பதையும் தனித்தனியாகத் தருகிறது. பெரும்பாலும் முன்னது பின்னதைவிட உயர்ந்தே இருக்கும். இது உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டிய கருவியாகும்.

மதிப்பீட்டு அட்டவணை

மாணவர் தம்மைப் பற்றிச் சொல்வதை விடுத்து, அவர் எழுதியதைப் படித்து மதிப்பிடுவது இரண்டாவது வழி. இதற்கு ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை பயன்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட 'வேல்யூ' அட்டவணைகளுள் ஒன்று பண்பாட்டிடை அறிவுக்கும் திறனுக்கும் உரியது. தன் பண்பாட்டை அறிதல், பிற உலகநோக்குகளை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மொழிவழியாகவும் மொழியன்றியும் தொடர்பாடல், அறியும் ஆவல், திறந்த மனம் ஆகிய ஆறும் அதன் கூறுகள். ஒவ்வொன்றும் 1 முதல் 4 வரையான நிலைகளில் விவரிக்கப்பட்டுள்ளது. முதல் நிலையையும் எட்டாத ஆக்கத்துக்கு 0 இடலாம்.

இவ்வட்டவணைகள் கல்லூரி அளவில் கற்றலை ஆராய்வதற்கே. தனி மாணவருக்கு மதிப்பெண் இடுவதற்கு அன்று எனச் சங்கமே குறிப்பிட்டுள்ளது. நடைமுறையில் இது எளிதில் மறக்கப்படுகிறது.

ஒரே கட்டுரைக்கு இரு ஆசிரியர்கள் வெவ்வேறு நிலைகளைக் கொடுப்பது இம்முறையின் முதன்மைச் சிக்கல். இருவரும் ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. எடுத்துக்காட்டாக, 100 கட்டுரைகளைப் படித்த இருவரும் தனித்தனியே 80ஐ 'எட்டியது' எனவும் 20ஐ 'எட்டவில்லை' எனவும் பிரித்து, 78 கட்டுரைகளில் ஒத்துப்போயினர் எனக் கொள்வோம். கட்டுரைகளைப் படிக்காமலேயே அதே விகிதத்தில் பிரித்திருந்தாலும் தற்செயலாக 68இல் (0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68) ஒத்துப்போயிருப்பர். ஜேகப் கோஹென் 1960இல் தந்த காப்பா அளவு இத்தற்செயலைக் கழிக்கிறது: (0.78 - 0.68) / (1 - 0.68) = 0.31. பார்வைக்கு 78 விழுக்காடு, உண்மையில் மிகச் சுமாரான ஒற்றுமை. ஆகவே மதிப்பிடுவோர் முதலில் சில மாதிரிக் கட்டுரைகளை ஒன்றாகப் படித்து, விவாதித்து, அட்டவணையின் சொற்களுக்கு ஒரே பொருள் கொள்ளப் பழகுவது வழக்கம். இவ்விவாதமே எண்களைவிட அதிகப் பயன் தருவதும் உண்டு.

கொடுக்கப்படும் பணி

கேட்கப்படாத ஒன்றை எழுத்தில் தேடினால் கிடைக்காது. ஒரு நாவலின் கதைச்சுருக்கத்தை மட்டும் கேட்ட பணியில் 'தன் பண்பாட்டை அறிதல்' 0 என வந்தால், குறை மாணவரிடம் இல்லை. ஹொரேஸ் மைனர் 1956இல் எழுதிய 'நாசிரேமா' மக்களின் உடற்சடங்குகள் பற்றிய கட்டுரை பல வகுப்புகளில் பயன்படக் காரணமும் இதுவே. விசித்திரமான பழங்குடியினர் எனத் தோன்றும் அம்மக்கள் அமெரிக்கர்களே. அமெரிக்கன் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் அப்பெயர் கிடைக்கும். இக்கட்டுரையைப் படித்தபின் தம் வீட்டு வழக்கம் ஒன்றை வெளியாரின் நடையில் எழுதுமாறு கேட்டால், தகவலை மனப்பாடம் செய்து தப்ப இயலாது.

விமர்சனங்கள்

ஆவல், திறந்த மனம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இடுவது மனப்பாங்குக்கு மதிப்பெண் இடுவதாகும் என்பது முதன்மையான விமர்சனம். எந்தக் கருத்து ஆசிரியருக்கு உவப்பானது என மாணவர் விரைவில் கண்டுகொள்வர். "இப்பாடம் என் கண்ணைத் திறந்தது" என முடியும் கட்டுரைகள் இதனாலேயே மிகுதி. மாணவரின் முடிவை விடுத்து, அவர் சான்றுகளைக் கையாண்ட விதத்தை மட்டும் மதிப்பிடுவது ஓரளவு பாதுகாப்பானது. பாடத்தின் நிலைப்பாட்டை ஏற்காத மாணவரும், எதிர்த்தரப்பின் வாதத்தை அத்தரப்பினர் ஏற்கும் வகையில் எடுத்துரைத்தால் உயர்ந்த நிலையைப் பெற இயல வேண்டும். புளோரிடா மாநிலம் 2023இல் பொதுக்கல்விப் பாடங்களின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியபின், இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட வேண்டிய தேவை கூடியுள்ளது.

ஒரே பண்பாட்டில் வளர்ந்து, கல்லூரியில்தான் முதன்முதலாகப் பிற பண்பாட்டைச் சந்திக்கும் மாணவரை மனத்திற்கொண்டே படிநிலை மாதிரிகள் அமைந்துள்ளன என்பது மற்றொரு விமர்சனம். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொன்றும் பேசி, பெற்றோருக்காக மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்து வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகள் தொடக்கத்திலேயே உயர்ந்த நிலையில் இருக்கக்கூடும். முடிவிலும் அதே நிலையில் இருப்பதால் கணக்கில் அவர்களது வளர்ச்சி சுழியம். அவர்கள் எதுவும் கற்கவில்லை என இதற்குப் பொருள் கொள்வது பிழை. அளவுகோலில் அதற்கு மேல் கோடுகள் இல்லை என்பதே பொருள்.