காலதாமதம் சிசுவின் உயிரைப் பறிக்கலாகாது

பிறந்து சில நாட்களேயான சிசுவுக்குச் சத்திரசிகிச்சை என்றதும் பெற்றோர் நிலைகுலைந்து போவது இயல்பே. எனினும், சில பிறவிக் குறைபாடுகளைப் பொறுத்தவரை சிசுவுக்குப் பேராபத்தாக அமைவது சத்திரசிகிச்சையல்ல, காலதாமதமே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

சிசு பால் கக்குவது சாதாரணமானது. ஆனால், வாந்தி பச்சை நிறமாக இருப்பின் அவ்வாறு கருத முடியாது. குடல் அடைபட்டு, கீழிறங்க வேண்டிய பித்தநீர் மேல்நோக்கித் திரும்பியிருக்கலாம் என்பதையே அந்நிறம் உணர்த்துகிறது. கருவில் குடல் உரிய முறையில் நிலைகொள்ளாத சிசுக்களுக்கு அது பின்னர் முறுக்கிக்கொள்ளக்கூடும். அப்போது இரத்தவோட்டம் தடைப்பட்டு, சில மணித்தியாலங்களிலேயே குடல் அழுகிவிடலாம். ஆரம்பத்தில் வயிறு வீங்காமலும் இருக்கலாம். மாந்தம் எனக் கருதி விடியும்வரை காத்திருப்பது ஆபத்தானது.

மற்றையது செங்கண்மாரி. பிறந்த சிசுக்களுக்கு இது பொதுவானது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுள் மறைந்துவிடும். அதன் பின்னரும் நீடித்து, மலம் வெளிறிக் களிமண் நிறமாகவும் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் காணப்படின், ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபட்டிருக்கக்கூடும். தேங்கும் பித்தநீர் ஈரலைச் சிதைத்துவிடும். ஜப்பானிய நிபுணர் மொரியோ கசாய் 1950களில் இதற்கென உருவாக்கிய சத்திரசிகிச்சை, 60 நாட்கள் நிறைவதற்கு முன் செய்யப்படும்போதே கூடுதல் பயனளிக்கிறது. பிந்தினால், ஈரல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர வேறு வழி இல்லாது போகலாம்.

எமது சமூகங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அல்லது 40ஆம் நாள் நிறைவுறும்வரை தாயும் சேயும் வீட்டிலேயே இருப்பது வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால், 60 நாள் அவகாசத்தில் 40 நாட்களை இளவெயில் காட்டுவதிலும் கைமருந்திலும் கழித்துவிட்டால், பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் எஞ்சும் காலம் எவ்வளவு?

தாய்வான் 2004ஆம் ஆண்டு முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையை நாடளாவிய ரீதியில் தாய்மாருக்கு வழங்கி வந்தது. அதன் பயனாக, உரிய காலத்தில் சத்திரசிகிச்சை பெறும் சிசுக்களின் விகிதம் உயர்ந்தது. அங்கு உதவியது விலையுயர்ந்த கருவியன்று, தாயின் கண்களே.

எனவே, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சிசுவின் மலத்தின் நிறத்தைக் கூறுவதற்குத் தாய்மார் தயங்கக்கூடாது. பச்சை வாந்தியெனில் அவர் வரும்வரையும் காத்திராது, உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் இந்நாட்டில், தயக்கத்தின் காரணமாக ஒரு சிசுவேனும் இழக்கப்படலாகாது.