விதையும் மண்ணும்: கனடியப் பிரேரி நிலங்கள் புகட்டும் பாடம்

உழவுத் தொழிலுக்கு முதலாவன விதையும் மண்ணும் ஆகும். ஒன்றைப் பேணி மற்றொன்றைப் புறக்கணிப்பதால் விளையும் கேடு யாது என்பதற்குக் கனடா நாட்டின் பிரேரி நிலங்களின் வரலாறு தக்க சான்றாகும். மனிற்றோபா, சஸ்கற்சுவான், அல்பேற்றா என்னும் மாகாணங்களிற் பரந்து கிடக்கும் இச்சமவெளி மழை குறைந்தது. நெடிய பனிக்காலத்தை உடையது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்வேர்கள் மடிந்து உக்கியமையால், அங்கே வளமிக்க கருமண் உருவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் குடியேறிய உழவர் ‘இறெட் பைவ்’ என்னும் கோதுமையை விதைத்தனர். அதன் மா சிறந்தது. ஆயினும் கதிர் முற்றுமுன் உறைபனி வந்து பயிரை அழித்தல் வழக்கமாயிருந்தது. இக்குறையை நீக்குதற்பொருட்டு, இந்தியாவிலிருந்து பெற்ற ‘ஹாட் இறெட் கல்கத்தா’ என்னும் விரைவில் முற்றும் கோதுமையோடு அது 1892 இல் கலக்கப்பட்டது. அக்கலப்பின் வழித்தோன்றல்களை ஒட்டாவாப் பரிசோதனைப் பண்ணையில் ஆராய்ந்த சாள்சு சோண்டர்சு, தனித்தனிக் கதிர்களைத் தெரிந்தெடுத்து, மணிகளை வாயில் மென்று பசைத்தன்மையைச் சோதித்தார். அவ்வாறு தெரிந்த ‘மாக்குவிசு’ ஏறத்தாழ ஒரு வாரம் முந்தி முற்றியது. 1909 இல் உழவர்க்கு வழங்கப்பட்ட அவ்வினம் சில ஆண்டுகளிற் பிரேரி முழுவதும் பரவிற்று.

ஆயின் ஓரினமே எங்கும் பரவுதல் இடர் தருவது. தெற்கிலிருந்து காற்றிற் பறந்துவரும் பங்கசு வித்திகளால் உண்டாகும் தண்டுத் துருநோய் 1916 இற் பயிரைப் பெரிதும் அழித்தது. பிறப்புரிமையியல் அறிஞர் எதிர்ப்பாற்றலுடைய இனங்களை ஆக்கினர். பங்கசும் புதிய குலங்களைத் தோற்றுவித்தது. 1950 ஆம் ஆண்டையடுத்துப் பரவிய 15பி என்னும் குலத்தை எதிர்க்க ‘செல்கேர்க்கு’ என்னும் இனம் வேண்டியதாயிற்று. விதையாராய்ச்சிக்கு முடிவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மண்ணின் கதையோ வேறு. 1885 இற் கிளர்ச்சியொன்றை அடக்கச் சென்ற படைக்குப் பொருள் சுமக்கக் குதிரைகள் போய்விட்டமையால், அங்கசு மக்கே என்னும் உழவர் உழுத நிலத்தின் ஒரு பகுதியை விதையாது விட்டார். மறு ஆண்டு வறட்சியில் அந்நிலமே விளைந்தது. ஓராண்டு தரிசிட்டு ஈரம் சேமிக்கும் முறை இதன்பின் எங்கும் கைக்கொள்ளப்பட்டது. ஆயினும் களை அழிக்க மீண்டும் மீண்டும் உழுத வெற்றுநிலத்தில் உக்கல் விரைந்து சிதைந்து நைதரசனை வெளிவிட்டது. உழவர் கண்ட மிகுவிளைவின் ஒரு பகுதி வட்டியன்று, முதலே. 1930 களின் வறட்சியில் தூளாய்ப்போன மேன்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. குடும்பங்கள் பல பண்ணைகளைக் கைவிட்டு நீங்கின. சிறந்த விதை இருந்தும் அதனைத் தாங்க மண் இல்லாதொழிந்தது.

1935 இல் கனடிய அரசாங்கம் பிரேரிப் பண்ணைப் புனரமைப்புச் சட்டத்தை இயற்றியது. அல்பேற்றாவின் சாள்சு நோபிள், தாளைப் புரட்டாது களைவேரை மட்டும் அடியில் அறுக்கும் அலகினை அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், உழாது பழைய தாளினூடே விதைக்கும் முறை பரவியது. தாள் காற்றைத் தடுத்து ஈரத்தைக் காக்கின்றது. ஆனால் இம்முறை களைகொல்லிகளைச் சார்ந்தது. அவற்றுக்கு மசியாத களைகள் இப்பொழுது பெருகி வருகின்றன.

தரிசு கிடந்த நிலம் பலவற்றில் இன்று காற்றின் நைதரசனை வேர்முடிச்சுகளிற் பதிக்கும் பருப்பினங்கள் விளைகின்றன. இலங்கையர் உண்ணும் மைசூர்ப் பருப்பில் ஒரு பகுதி அங்கிருந்தே வருகின்றது. நல்ல விதையைச் சில ஆண்டுகளில் ஆக்கலாம். இழந்த மேன்மண்ணை மீட்க ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது. ஆதலின் விதையை ஆராய்பவனும் மண்ணைக் காப்பவனும் ஒருங்கே தொழிற்படுதல் வேண்டும்.