பூர்வீகமும் கடவுச்சீட்டும்: பிரகாஷ் அமிர்தராஜ் ஆடிய ஆட்டம்

தொழில்முறை டென்னிஸில் ஆட்டக்காரர் ஆண்டின் பெரும்பகுதியைத் தம் பெயரிலும் தம் செலவிலுமே ஆடுகிறார். பரிசுப்பணமும் தரவரிசைப் புள்ளிகளும் அவருக்கே சேர்வதால், பெயருக்கருகே அச்சாகும் நாட்டின் குறி பெரும்பாலும் அடையாளமாகவே நின்றுவிடுகிறது. நாட்டணிகள் மோதும் டேவிஸ் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும்தான் அந்தக் குறிக்கு எடை கூடுகிறது.

1983 அக்டோபர் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த பிரகாஷ் அமிர்தராஜ், 2003-ல் தந்தை விஜய் அமிர்தராஜின் நாடான இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் இறங்கினார். சென்னையில் வளர்ந்த விஜயும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய அணி 1974-ல் இறுதிச்சுற்றை எட்டியும், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு மோத மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது என்பதை நினைத்தால், அந்தக் குடும்பத்துக்கு இந்தப் போட்டி எத்தகையது என்பது விளங்கும். விஜய் 1976, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் வென்ற, அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் 2008-ல் மகனும் இறுதிக்கு வந்து, இருபுறமும் இரு கைகளால் பந்தை வெட்டியாடும் பிரான்ஸின் ஃபாப்ரிஸ் சாந்தோரோவிடம் 6-3, 7-5 எனத் தோற்றார். பிரகாஷ் எட்டிய உச்சம் அதுவே.

அந்த ஆண்டு டிசம்பரில், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே நாட்டுக்காக ஆடலாம் என மத்திய விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டை, பெயரில் ‘குடிமகன்’ என்று இருந்தாலும் வாழ்நாள் விசாவுக்குச் சமமானதே தவிரக் குடியுரிமை ஆகாது. இரட்டைக் குடியுரிமையையோ இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. எனவே அமெரிக்கக் குடிமக்களான பிரகாஷுக்கும், நான்கு மாதங்களுக்கு முன் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவுடன் இரட்டையர் ஆடிய சுனிதா ராவுக்கும் இந்திய அணியின் வாசல் அடைபட்டது.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் சொந்த ஊர் எது என்று கேட்டால் தாத்தாவின் ஊரைச் சொல்வதுண்டு. பூர்வீகம் அப்படி வாய்ச்சொல்லாலேயே நிலைபெறும், குடியுரிமையோ ஆவணத்தால் மட்டுமே நிற்கும். உள்ளூரில் பயின்றவர்களின் இடத்தைக் காப்பது என்ற வகையில் அமைச்சகத்தின் தர்க்கம் மறுக்கத்தக்கதன்று என்றாலும், ஏற்கெனவே அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அவகாசம் தராதது கடுமையே.

ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013-ல் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய அராத்தா இசுமியின் வழி டென்னிஸ்காரருக்கு எளிதன்று. கால்பந்து வீரர் இந்திய லீக்கிலேயே பிழைத்துக்கொள்ள முடியும், டென்னிஸ்காரரோ வாரத்துக்கொரு நாடு என்று அலைபவராதலால், விசா இன்றிப் பல நாடுகளுக்குள் நுழையவிடும் அமெரிக்கக் கடவுச்சீட்டைக் கைவிட்டால் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தூதரக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.